பெயர் போட்டுவிட்டுப் போனவரும் நின்றுபோன ரிலீஸும்

மென்பொருள் அலுவலகத்தில், ‘பக்’ எனப்படும் பிழைகளைப் பதிந்து வைக்கும் பக் டிராக்கரைத் திறந்தால் ஒவ்வொரு பக்குக்கும் எதிரே ஒருவர் பெயர் இருக்கும். வேலை முடியவில்லை என்றால் மேலாளர் கூப்பிட்டுக் கேட்பார். சம்பளம் வாங்குகிறவர் பதில் சொல்வார். தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் மென்பொருளிலும் அதே டிராக்கர்தான், அதே பெயர்க் கட்டம்தான். ஆனால் கேள்வி கேட்க அங்கே யாருக்கும் உரிமை கிடையாது. பெயர் போட்டவருக்குப் பரீட்சை வந்திருக்கலாம், குழந்தை பிறந்திருக்கலாம், சலிப்புத் தட்டியிருக்கலாம். பெயர் மட்டும் அங்கேயே கிடக்கும். புதிதாக உதவ வருகிறவர், ‘சரி, இதை யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்’ என்று அடுத்ததற்குப் போய்விடுவார். மென்பொருள் சோதனையே தொழிலாக இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: யாருமே தொடாத பக்கைவிட, இப்படிப் பெயர் போட்டுத் தூங்கும் பக்தான் ரிலீஸை அதிகம் கெடுக்கிறது.

ஆளைத் துரத்தி இதைச் சரிசெய்ய முடியாது. விதிமுறை வைத்துத்தான் செய்ய வேண்டும். அதற்கு நான் எல்லோரையும் பார்க்கச் சொல்லும் இடம் டெபியன்.

1993-இல் இயன் மர்டாக் தொடங்கிய லினக்ஸ் வினியோகம் இது, அதாவது லினக்ஸோடு மற்ற மென்பொருள்களையும் சேர்த்துத் தரும் இயங்குதளம். உபுண்டு என்ற இயங்குதளம் இதன்மேல்தான் நிற்கிறது. இதன் பக் டிராக்கரை 1994-இல் முதலில் எழுதியவர் இயன் ஜாக்சன். பார்க்க அழகாக எல்லாம் இருக்காது. இன்றுவரை பக் பதிவது, மூடுவது, தீவிரத்தை மாற்றுவது எல்லாமே மின்னஞ்சல் வழியாகத்தான். 2021-இல் அதன் பக் எண் பத்து லட்சத்தைத் தாண்டியது. ஜொலிக்கும் டாஷ்போர்டு இல்லாமலே இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள். ‘எந்த டூல் நல்லது?’ என்று மாதக்கணக்கில் விவாதிக்கும் குழுக்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

அங்கே தீவிரத்துக்கு ஏழு படிகள்: கிரிட்டிக்கல், கிரேவ், சீரியஸ், இம்பார்ட்டன்ட், நார்மல், மைனர், விஷ்லிஸ்ட். இதில் முதல் மூன்று மட்டும்தான் ரிலீஸைத் தடுக்கும். தொடர்பில்லாத மற்ற மென்பொருளையோ முழுக் கணினியையோ உடைத்தால் கிரிட்டிக்கல். பக் உள்ள அந்த மென்பொருள் பொதியே, அதாவது பேக்கேஜே, பயன்படாமல் போனாலோ, தரவு அழிந்தாலோ கிரேவ். டெபியனின் கொள்கையை மோசமாக மீறினால் சீரியஸ். மீதி நாலு படியில் எவ்வளவு கிடந்தாலும் ரிலீஸ் போகும். இந்தக் கோட்டைக் கிழிக்கத்தான் தைரியம் வேண்டும். கோடு இல்லாத திட்டத்தில் எல்லா பக்கும் ‘அவசரம்’ ஆகிவிடும். அப்புறம் எதுவுமே அவசரமில்லை.

தீவிரத்தை முடிவு செய்ய, பக் ஒழுங்காக எழுதப்பட்டிருக்க வேண்டும். தமிழில் எழுதப் பயன்படும் ஒரு எடிட்டரை எடுத்துக்கொள்வோம். ‘தமிழ்த் தேடல் வேலை செய்யவில்லை, உடனே கவனிக்கவும்’ என்று ஒருவர் எழுதுகிறார். இதை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. இன்னொருவர் எழுதுகிறார்: ‘பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டிய பத்தியில் கொடி என்ற சொல் இருக்கிறது. நான் தட்டச்சு செய்து தேடினால் கிடைக்கவில்லை. ஒட்டியதையே நகலெடுத்துத் தேடல் கட்டத்தில் போட்டால் கிடைக்கிறது. கடி, குடி போன்ற சொற்களில் சிக்கல் இல்லை. கோப்பை இணைத்திருக்கிறேன்.’ ஒட்டியதைத் தேடினால் கிடைக்கிறது, கடி, குடியில் சிக்கல் இல்லை என்ற இரண்டு தகவல்களைப் படித்ததுமே விவரம் தெரிந்தவருக்குக் காரணம் பிடிபட்டுவிடும். எழுத்துகளைக் கணினி எண்களாகச் சேமிக்கும் யூனிகோடு முறையில் ‘ொ’ என்ற குறியை ஒரே எண்ணாகவும் வைக்கலாம், ‘ெ’, ‘ா’ என்று இரண்டு எண்களாகவும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. தேடும் முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராததுதான் பிழை. தமிழில் எழுதுகிறவருக்கு இது பெரிய தொல்லை, ஆனாலும் இம்பார்ட்டன்ட்தான், ரிலீஸ் நிற்காது. அதே எடிட்டர் கோப்பைச் சேமிக்கும்போது அந்தக் குறியை விழுங்கிவிடுகிறது என்றால் அது கிரேவ். முதலில் எழுதியவர் போட்ட ‘உடனே’ இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாது.

இப்போது பெயர் போட்டுவிட்டுப் போனவர் கதைக்கு வருவோம். டெபியனில் கைவிடுவதற்கும் முறை இருக்கிறது. ஒரு பேக்கேஜை இனிப் பார்க்க முடியாது என்றால் அதையே ஒரு பக்காகப் பதிவு செய்யலாம். உதவி மட்டும் வேண்டும் என்றாலும் அதற்கென்று தனி வகை உண்டு. அந்தப் பட்டியலைப் பார்த்து வேறொருவர் எடுத்துக்கொள்வார். விலகுவதை அவமானமாக்காமல் டிராக்கரின் அன்றாட வேலையாக்கிவிட்டார்கள். நம் குழுக்களில் விலகுகிறவர் பெரும்பாலும் சொல்லாமல் போவதற்குக் காரணம், சொல்ல ஓர் இடம் இல்லாததுதான் என்று நினைக்கிறேன்.

சொல்லாமலே போய்விட்டால்? பேக்கேஜைப் பராமரிக்கும் மெயின்டெய்னர் அல்லாத இன்னொரு டெவலப்பர் திருத்தத்தை ஏற்றலாம். ஆனால் பெரும்பாலும் நேரடியாக அல்ல. ரிலீஸைத் தடுக்கும் பக் என்றால் சில நாட்கள், சாதாரண பக் என்றால் பொதுவாக 10 நாட்கள், அந்தத் திருத்தம் ஒரு காத்திருப்பு வரிசையில் நிற்கும். மாற்றிய வரிகளைக் காட்டும் பேட்சையும் பக்கிலேயே போட்டுவிட வேண்டும். மெயின்டெய்னர் பார்த்து வேண்டாம் என்றால் நிறுத்தலாம். வாய் திறக்காவிட்டால் திருத்தம் உள்ளே போய்விடும்.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த விதி. அடுத்த ரிலீஸுக்காகத் தயாராகும் டெஸ்டிங் தொகுப்பில் உள்ள ஒரு பேக்கேஜில் ரிலீஸைத் தடுக்கும் பக் கவனிப்பாரற்றுக் கிடந்தால், அதைத் தொகுப்பிலிருந்தே தானாக நீக்கிவிடுவார்கள். அதைச் சார்ந்திருக்கும் மற்ற பேக்கேஜ்களும் சேர்ந்து வெளியே போகும். முன்கூட்டியே எல்லா மெயின்டெய்னர்களுக்கும் மெயில் வந்துவிடும். அடித்தளமான முக்கியப் பேக்கேஜ்களுக்கு மட்டும் விலக்கு. இங்கே யாரும் யாரையும் திட்டவில்லை. ‘உன் பக் தீராவிட்டால் என் பேக்கேஜும் போய்விடும்’ என்று தெரிந்ததும், சார்ந்திருப்பவர்களே பேட்ச் எழுத வந்துவிடுகிறார்கள். பத்துப் பேர் உள்ள சிறு திட்டமும் இதைச் செய்யலாம். புதிய வசதியில் தடுக்கும் பக் இருந்து, இரண்டு வாரம் அசைவே இல்லையென்றால், அந்த வசதி இந்த ரிலீஸில் இல்லை. பக்கின் எதிரே உள்ள பெயரும் அன்றே எடுபடும்.

தேதி விஷயத்தில் டெபியன் பட்டுத்தான் தெளிந்தது. 2002 ஜூலையில் 3.0 வந்தது. அடுத்த 3.1 வர 2005 ஜூன் ஆகிவிட்டது. டெபியனைக் கணினியில் பதிக்கும் நிறுவியைப் புதிதாக எழுதியதும் அந்தத் தாமதத்துக்கு ஒரு காரணம். இப்போது ஃப்ரீஸ், அதாவது ரிலீஸுக்கு முன் புது மாற்றங்களைப் படிப்படியாக நிறுத்தும் தேதிகளை முன்பே அறிவித்துவிடுகிறார்கள். ரிலீஸ் தேதியை மட்டும், ரிலீஸைத் தடுக்கும் பக்குகள் குறைந்த பிறகுதான் சொல்வார்கள். பலனாக 2021 ஆகஸ்டில் 11, 2023 ஜூனில் 12, 2025 ஆகஸ்டில் 13 என்று ஏறத்தாழ இரண்டாண்டுக்கு ஒன்று வந்துவிடுகிறது. ஃப்ரீஸ் இறுகிய பிறகு ஒரு மாற்றத்தை உள்ளே விட வேண்டுமானால், ரிலீஸ் குழுவின் பெயரில் ஒரு பக் பதிந்து, எந்தெந்த வரி மாறியது என்று காட்ட வேண்டும். அதாவது ரிலீஸ் வேலைகளும் அதே டிராக்கரில்தான். வாட்ஸாப்பில் ‘இதையும் சேர்த்துடுங்க’ என்று சொல்லிச் சேர்க்கும் பழக்கம் உள்ள குழுக்கள் இதை உடனே எடுத்துக்கொள்ளலாம்.

அவசரப்படுத்துகிறவர்கள் எல்லோரும் நல்லவர்களும் அல்ல. கோப்புகளின் அளவைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற மென்பொருளை நீண்ட காலம் ஒரே ஒருவர்தான் சம்பளமில்லாமல் பராமரித்துவந்தார். 2022-இல் முகம் தெரியாத சிலர், ஏன் தாமதம், வேறு ஆளைச் சேருங்கள் என்று அவரை நெருக்கினார்கள். அப்படி உள்ளே வந்த துணைப் பராமரிப்பாளர்தான் 2024-இல் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு, அதாவது வெளியாள் ரகசியமாக உள்ளே நுழையும் வழி, வைத்தார். 5.6.1-ஐச் சேர்க்கச் சொல்லி டெபியன் டிராக்கரிலும் அறிமுகமில்லாத ஒரு பெயரில் பக் பதிவானது. தொலைவிலுள்ள கணினிக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்துத் தோண்டிய ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற மென்பொருள் பொறியாளர், மார்ச் 29 அன்று அதை வெளிக்கொண்டுவந்தார். டெபியனில் புது மாற்றங்கள் முதலில் வந்து சேரும் அன்ஸ்டேபிள் தொகுப்பிலும் டெஸ்டிங் தொகுப்பிலும் அது ஏற்கெனவே நுழைந்திருந்தது. ரிலீஸ் ஆன பதிப்பான ஸ்டேபிளில் நுழையவில்லை. ரிலீஸ் நேரத்தில் யாராவது ‘புதுப் பதிப்பை உடனே போடுங்கள்’ என்று எழுதினால், எந்த பக்கைத் தீர்க்க என்று முதலில் அவரிடம் எண் கேளுங்கள். எண் இல்லையென்றால் அடுத்த ரிலீஸில் பார்த்துக்கொள்ளலாம்.