நாய் முகத்தைத் திருப்பும்போது

திருமங்கலத்தை அடுத்த ஊரில் உள்ள என் அக்கா வீட்டு முற்றத்தில், சித்திரை மாதப் பிற்பகல் ஒன்றில், கயிற்றுக் கட்டிலின் நிழலில் மணி படுத்திருந்தது. ஏழு வயதுக் கோம்பை நாய். செந்நிற உடம்பு, கறுத்த வாய். அக்காவின் இரண்டரை வயதுப் பேரன் கட்டிலுக்கடியில் தவழ்ந்து போய் அதன் கழுத்தை இரு கைகளாலும் கட்டிக்கொண்டான். “அது ஒண்ணும் செய்யாது தம்பி, புள்ள மேல உசிரையே வச்சிருக்கு” என்றார் அக்கா. நான் மணியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் அது தலையை மறுபுறம் திருப்பியது. பிறகு நாக்கால் மூக்கை ஒருமுறை நக்கிக்கொண்டது. அடுத்து ஒரு கொட்டாவி. அதன்பின், அதுவரை இரைத்துக்கொண்டிருந்த வாய் சட்டென்று மூடிக்கொள்ள, உடல் அசைவற்றுப் போய், கண்ணோரத்தில் வெள்ளை விழி பிறைபோலத் தெரிந்தது. உடனே பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். மணி பையனின் கைகளிலிருந்து நழுவி எழுந்து வந்து, மழையில் நனைந்ததைப்போல உடம்பு முழுவதையும் ஒருமுறை உதறியது.

அக்கா சொன்னதில் பொய் இல்லை. அந்த நாய்க்குப் பையன்மேல் உண்மையாகவே பாசம் உண்டு. ஆனால், பாசமுள்ள நாய்க்கும் அச்சமும் வலியும் அலுப்பும் உண்டு. ‘விலகிப் போ’ என்று சொல்ல அதற்கு இருப்பது உடல்மொழி ஒன்றுதான். தலையைத் திருப்புவதும், மூக்கை நக்குவதும், தூக்கமில்லாத நேரத்தில் கொட்டாவி விடுவதும் சண்டையைத் தவிர்ப்பதற்கான வேண்டுகோள்கள். பிரிட்டனைச் சேர்ந்த கால்நடை மருத்துவர் கெண்டல் ஷெப்பர்ட் இவற்றை ஓர் ஏணியாக வரிசைப்படுத்திக் காட்டினார். கீழ்ப்படிகளில் இந்த மெல்லிய சைகைகள். அவை பலிக்காவிட்டால் விலகி நடத்தல், உடல் விறைத்தல், உறுமல், வெறும் காற்றைக் கடித்து எச்சரித்தல். உச்சிப் படியில் கடி. கீழ்ப்படிகளால் ஒருமுறைகூடப் பயன் கிடைக்கவில்லை என்பதைக் கற்றுக்கொண்ட நாய், அடுத்த முறை நடுப்படிகளைத் தாண்டிவிடக்கூடும்.

உறுமும் நாயை அடிப்பது ஆபத்தானது என்பதற்கும் இதுவே காரணம். அடி வாங்கிய நாய் உறுமக் கூடாது என்பதைத்தான் கற்றுக்கொள்கிறது. உறுமத் தூண்டிய அச்சம் உள்ளேயே இருக்கிறது. எச்சரிக்கை மணியைக் கழற்றிவிட்டுத் தீயை அப்படியே விட்டுவைப்பதற்கு இது ஒப்பாகும். ‘குரைக்கிற நாய் கடிக்காது’ என்ற பழமொழியையும் இந்த இடத்தில் நம்பக் கூடாது. குரைப்பு வேறு, உறுமல் வேறு என்பதற்குத் தமிழில் தனித்தனிச் சொற்களே உள்ளன. அடித்தொண்டையிலிருந்து வரும் உறுமல், விலகுவதற்கு நமக்குத் தரப்படும் கடைசி அவகாசங்களில் ஒன்று.

குழந்தையால் இந்த மொழியைப் படிக்க முடிவதில்லை. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாய்களின் முகங்களைச் சிறு குழந்தைகளுக்குக் காட்டிக் கேட்டபோது, பல்லைக் காட்டிச் சீறும் நாயைப் பலர் ‘சிரிக்கிறது’ என்றே சொன்னார்கள். மனித முகத்தில் பல் தெரிந்தால் அது சிரிப்பு என்றுதான் குழந்தை அறிந்திருக்கிறது. புதிதாக எதைக் கண்டாலும் முகத்தை அருகே கொண்டுபோய்ப் பார்ப்பதும் அந்த வயதின் இயல்பு. குழந்தையின் முகமும் நாயின் வாயும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருப்பதால்தான், சிறு குழந்தைகளுக்கு விழும் கடிகளில் பல தலையிலும் முகத்திலும் கழுத்திலும் விழுகின்றன.

சிறு குழந்தைகளைக் கடிப்பவை பெரும்பாலும் அவர்களுக்குத் தெரிந்த நாய்களே. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, குழந்தைகளைக் கடித்ததற்காக நடத்தைச் சிகிச்சைக்குக் கொண்டுவரப்பட்ட நாய்களை ஆராய்ந்தது. அவற்றில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அதற்கு முன் எந்தக் குழந்தையையும் கடித்ததில்லை. ஆறு வயதுக்குட்பட்டோர் கடிபட்ட நிகழ்வுகளில், சோற்றுத் தட்டையோ எலும்பையோ நாய் காத்துக்கொண்டிருந்த தருணங்களே முன்னணியில் இருந்தன. ஆகவே, ‘இதுவரை கடித்ததில்லை’ என்பதை உத்தரவாதமாக எடுத்துக்கொள்ள என் மனம் ஒப்பவில்லை.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நாய்க்கு உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதன் மூலமே அது சூட்டைத் தணித்துக்கொள்கிறது. மதுரையில் 40 டிகிரி கொதிக்கும் அக்னி நட்சத்திர நாட்களில் அந்த வேலை பெரும் பளு. அமெரிக்காவின் எட்டு நகரங்களில் பதிவான ஏறத்தாழ 70,000 நாய்க்கடிகளை அலசி 2023-இல் வெளிவந்த ஆய்வில், வெப்பம் மிகுந்த நாட்களில் கடிகள் கூடுவது தெரிந்தது. மூட்டுவலி கண்ட கிழட்டு நாய்க்கும் காதில் புண் உள்ள நாய்க்கும் பொறுமையின் எல்லை இன்னும் சுருங்கிவிடும். இனத்தைப் பொறுத்தவரை, கோம்பையும் இராஜபாளையமும் காவலுக்கும், சிப்பிப்பாறை ஓடுவதைத் துரத்தும் வேட்டைக்கும் பேர்போனவை என்பது உண்மைதான் என்றாலும், தெருவிலிருந்து எடுத்து வளர்த்த நாட்டு நாய் உட்பட எல்லாமே மேற்சொன்ன சைகைகளைத்தான் காட்டுகின்றன.

எனவே, எந்த நாயையும் பள்ளி செல்லும் வயதை எட்டாத குழந்தையுடன் தனியே விடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அடுப்படியில் இருந்துகொண்டு காது கொடுப்பது மேற்பார்வை ஆகாது. இரண்டும் கண்ணில் பட, கை எட்டும் தூரத்தில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். நாய் தின்னும்போதும், தூங்கும்போதும், குட்டிகளோடு இருக்கும்போதும் குழந்தையை அதன் பக்கமே அனுப்பக் கூடாது.

பல் பட்டுவிட்டால், தடுப்பூசி போட்ட வீட்டு நாய்தானே என்று இருந்துவிடவும் கூடாது. காயத்தைச் சோப்பு போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதையும் வைக்கக் கூடாது. அதன்பின் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ, காயம் பெரிதாக இருந்தால் மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கோ கொண்டுபோக வேண்டும். வெறிநோய்க் கிருமி நரம்பு வழியே மூளைக்கு ஏறுவது என்பதால் முகத்துக் காயத்துக்குத் தாமதம் ஆகவே ஆகாது. அத்தகைய காயத்துக்குள் எதிர்ப்புப் புரத ஊசியும் செலுத்துவார்கள். தடுப்பூசித் தவணைகளில் ஒன்றையும் தவறவிடக் கூடாது.

அக்கா வீட்டில் இப்போது பின்கட்டு நடையில் இடுப்பளவு மரத்தடுப்பு ஒன்று வைத்திருக்கிறார்கள். அதற்கு அந்தப் பக்கம் மணியின் சாக்கும் தண்ணீர்ச் சட்டியும் இருக்கின்றன. பேரனுக்கு அங்கே அனுமதி இல்லை. காய் நறுக்கும் அரிவாள்மனையை அக்கா முற்றத்துத் தூணருகே மாற்றிக்கொண்டுவிட்டார். மணி தானாக எழுந்து வந்து பையனுக்குப் பக்கத்தில் படுக்கும்போது தடுப்பைத் திறந்து விடுகிறவரும், அது முகத்தைத் திருப்பியதும் திரும்பக் கூப்பிடுகிறவரும் அவர்தான்.