சொல் விளக்கம்: கித்னியோத்

யூதரின் பஸ்காப் பண்டிகைக்குரிய மரக்கறிச் சமையல் குறிப்பு ஒன்றை அண்மையில் தமிழாக்கியபோது, 'கித்னியோத் சேர்க்கக் கூடாது' என்ற வரியைப் 'பருப்பு வகைகள் சேர்க்கக் கூடாது' என்று எழுதிவிட்டு மேலே சென்றேன். இரண்டு வரி தள்ளி, தேவையான பொருள்களின் பட்டியலில் முதலாவதாக நின்றது பாதாம்பருப்பு, ஒரு கிண்ணம். அதற்கடுத்தது அக்ரூட் பருப்பு, அரைக் கிண்ணம். குறிப்பை எழுதியவர் பிழை செய்யவில்லை. பிழை என் தமிழில் இருந்தது. அந்த ஒரு சொல்லுக்குத் தமிழ் தேடியதன் பயனே இக்கட்டுரை.

சொல்லின் உருவத்திலிருந்து தொடங்கலாம். எபிரேய மொழியில் 'காத்தான்' என்றால் சிறியது. க, த, ந என்னும் அதே மூன்று மெய்களை வேராகக் கொண்டு பிறந்ததே 'கித்னித்' என்ற ஒருமையும் 'கித்னியோத்' என்ற பன்மையும். ஆகவே சொல்லுக்கு நேர்ப்பொருள் 'சிறியவை', அதாவது சிறுமணிகள். கிழக்கு ஐரோப்பிய வழியினர் இதைக் 'கிட்னியோஸ்' என்று ஒலிப்பார்கள். ஆங்கிலத்தின் வழியே வந்த சொல் என்பதால் தமிழில் 'கிட்னியோட்' என்று எழுதும் போக்கும் தலைகாட்டுகிறது. அது சிறுநீரகத்தை நினைவூட்டுவது போதாதென்று, கிட்னி பீன்ஸ் என்று ஆங்கிலத்தில் வழங்கும் ராஜ்மாவும் இத்தொகுதியிலேயே இடம்பெறுவதால் குழப்பம் இரட்டிப்பாகிறது. ரூத், பெத்லகேம் என்றெல்லாம் எபிரேயப் பெயர்களின் தகர ஒலியைத் தகரமாகவே எழுதிவந்த தமிழ் விவிலிய மரபை ஒட்டிக் 'கித்னியோத்' என்று எழுதுவதே முறை.

இன்றைய எபிரேயத்தில் இச்சொல்லுக்கு இரண்டு வாழ்க்கை உண்டு. கடையிலும் பள்ளிப் பாடத்திலும் அது பயறுக் குடும்பத்தை மட்டுமே குறிக்கும். பஸ்கா நெருங்கும் நாள்களிலோ அரிசி, மக்காச்சோளம், தினை, எள், கடுகு எல்லாம் அதற்குள் வந்து அமர்ந்துகொள்கின்றன. தாவரவியல் அறிந்த எவரும் அரிசியையும் கொண்டைக்கடலையையும் ஒரே இனமென்று சொல்லமாட்டார். பஸ்காவின் கித்னியோத் தாவரவியலால் அமைந்த வகை அன்று, வழக்கத்தால் அமைந்த வகை. மொழிபெயர்ப்பாளர் இடறுவது இந்த இடத்தில்தான்.

வழக்கத்தை விளக்கச் சட்டத்தைத் தொட்டே ஆகவேண்டும். எகிப்தைவிட்டு இஸ்ரவேலர் புறப்பட்டதை நினைவுகூரும் பஸ்காவில், 7 நாள் (இஸ்ரேலுக்கு வெளியே வழக்கத்தால் 8 நாள்) புளித்த மா உண்ணலாகாது, வீட்டிலும் இருத்தலாகாது என்பது விவிலியத்தின் யாத்திராகமம் தரும் கட்டளை. இதற்கு உட்படுபவை ஐந்து தானியங்களே என்று கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டநூலான மிஷ்னாவும் அதன்மேல் விளக்கமாக எழுந்த தல்மூதும் வரையறுத்தன. அவை கோதுமை, வாற்கோதுமை, அவற்றின் உறவான ஸ்பெல்ட், மரபாக அடையாளம் காணப்படும் ரை, ஓட்ஸ். இவற்றின் மாவில் நீர் பட்டு 18 நிமிடம் சும்மா கிடந்தால் புளிப்பு என்று கொள்வர். அதற்குள் பிசைந்து சுட்டெடுத்ததே 'மட்சா' என்னும் புளிப்பில்லா அப்பம். விந்தை என்னவென்றால், எது புளிக்கக் கூடுமோ அதில்தான் புளிப்பில்லா அப்பமும் செய்யவேண்டும். அரிசி மாவில் மட்சா செய்தால் கடமை நிறைவேறாது.

அரிசியும் தினையும் புளிப்புக்கு நெருங்கியவை என்று யூத சமய ஆசிரியரான ரபி யோகனான் பென் நூரி வாதிட்டதைத் தல்மூது பதிவுசெய்து, மற்ற ஆசிரியர்கள் அதை ஏற்கவில்லை என்றும் சொல்கிறது. அரிசி புளிப்பதில்லை, கெட்டுத்தான் போகும் என்பது அவர்கள் தந்த காரணம். அரிசியையும் உளுந்தையும் அரைத்து ஓரிரவு வைத்து, காலையில் பொங்கி நிற்கும் மாவில் இட்லி ஊற்றும் நமக்கு இது ஏற்கத் தகாத கூற்றாகத் தோன்றும். ஆனால் இங்கே புளிப்பு என்பது நாக்கின் சுவையோ நுண்ணுயிரியின் செயலோ அன்று; ஐந்து தானியங்களுக்கு மட்டுமே நேரக்கூடியதாக வகுக்கப்பட்ட ஒரு சட்டநிலை. நம் இட்லி மாவு எத்தனை பொங்கினாலும் அந்தச் சட்டத்தின் கண்ணில் புளித்த மா ஆகாது. 'புளிப்பில்லா அப்பம்' என்ற தமிழ்த்தொடர் எவ்வளவு பழகியதாயினும், இந்த வேறுபாட்டை அது காட்டுவதில்லை என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தல்மூது ஆசிரியர் ரவ் ஹூனா ஒரு படி மேலே சென்று, பஸ்கா இரவு விருந்தில் வைக்கவேண்டிய இரு சமைத்த பண்டங்களாகப் பீட்டையும் அரிசியையும் வைக்கலாம் என்றார். இன்று மரக்கறி உண்ணும் யூதர், பஸ்காத் தட்டில் ஆட்டின் முன்னங்கால் எலும்பு இருக்கவேண்டிய இடத்தில் சுட்ட பீட்ரூட்டை வைப்பதற்குச் சான்றாகக் காட்டுவது இந்த வரியைத்தான். தோலோடு சுட்டு எடுத்த பீட்ரூட்டை நறுக்கினால் தட்டில் பரவும் செஞ்சாறு பலிக் குருதியை நினைவூட்டுவதாகவும் சொல்வர். அரிசியைக் குறிக்கும் எபிரேயச் சொல் 'ஓரெஸ்', கிரேக்க 'ஒருசா'வின் உறவு. அந்தக் கிரேக்கச் சொல் தமிழ் 'அரிசி'யிலிருந்து சென்றதென்று கால்டுவெல் எழுதினார். ஈரானிய மொழிகளின் வழியே சென்றதென்போரும் உளர். வழக்குத் தீரும்வரை நாம் உரிமை கொண்டாடாமல் இருப்பது நல்லது.

ஆக, தல்மூதின் காலத்தில் தடை இல்லை. அது தோன்றியது 13ஆம் நூற்றாண்டு பிரான்ஸில். கோர்பே நகரத்து ரபி இசாக் முதலான அக்கால ஆசிரியர்களின் எழுத்தில் இவ்வழக்கம் முதன்முதலாகத் தெளிவாகத் தலைகாட்டுகிறது. காரணங்கள் ஒன்றல்ல. பயறும் தானியத்தைப் போலவே கூழாகக் காய்ச்சப்படுவதால் ஒன்றைக் கண்டு மற்றதையும் ஆகுமென்று மக்கள் எண்ணிவிடக்கூடும். சில ஊர்களில் பயற்று மாவிலும் அப்பம் சுடுகிறார்கள். வயலிலும் மூட்டையிலும் கோதுமை மணி கலந்துவிடுகிறது. மூன்றாவது காரணத்தை நம் வீட்டுப் பெரியவர்கள் உடனே ஒப்புக்கொள்வார்கள்: கடையில் வாங்கிய துவரையில் நாலு கோதுமை கிடப்பதொன்றும் அதிசயமில்லை.

எதிர்ப்பும் உடனேயே எழுந்தது. 14ஆம் நூற்றாண்டில் ரபி யெரூகாம் இதை மூட வழக்கம் என்றே எழுதினார். 16ஆம் நூற்றாண்டில் யோசேப்பு காரோ தொகுத்த சட்டத்தொகை, இவை புளிப்பவை அல்ல, சமைத்து உண்ணலாம் என்றது. அதற்குக் குறிப்பெழுதிய கிராக்கோவ் நகரத்து மோசே இஸ்ஸர்லஸ், அஷ்கெனாசி நாடுகளில், அதாவது நடு, கிழக்கு ஐரோப்பிய யூதரிடையே, விலக்குவதே வழக்கம், அதை மாற்றலாகாது என்று சேர்த்தார். ஆனால் அவரே, கித்னியோத்தை வீட்டில் வைத்திருக்கலாம், அதன் எண்ணெயில் விளக்கேற்றலாம், தவறிப்போய்க் கறியில் விழுந்தால் கறி கெடாது என்றும் சொன்னார். கித்னியோத் புளித்த மாவைப் போல் அகற்றப்பட வேண்டிய பொருளன்று. உண்ணாமல் ஒதுக்கிவைக்கும் பொருள் மட்டுமே. இதைத் 'தீட்டு' என்றோ 'தடைப்பொருள்' என்றோ மொழிபெயர்ப்பது அதனால் மிகையாகும்.

ஐரோப்பிய அஷ்கெனாசிகள் விலக்கினர். ஸ்பெயின், போர்ச்சுகல் வழிவந்த செபராதிகளும் கீழை நாட்டு யூதரும் பெரும்பாலும் விலக்கவில்லை. ஈராக், ஈரான் வழிவந்த வீடுகளில் பஸ்காவுக்கு முன்னர் அரிசியை வெளிர்நிறத் துணியிலோ தட்டிலோ பரப்பி, ஒரு கோதுமை மணியும் இல்லையென்று உறுதியாகும்வரை மூன்று முறை பொறுக்குவது இன்றும் உண்டு. சோறே முதன்மை உணவான கொச்சி யூதரும் பஸ்காவில் அரிசி உண்டவர்களே. இவ்வாறு ஒரே பண்டிகையில் ஒருவர் வீட்டில் பருப்புச்சோறு வேகும், அடுத்தவர் வீட்டில் உருளைக்கிழங்கு மட்டுமே வேகும். இருவரும் சட்டம் வழுவாதவர்கள்.

பட்டியலோ ஏரணத்துக்குக் கட்டுப்படுவதில்லை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மக்காச்சோளம் கித்னியோத்தாக எண்ணப்பட்டது. அதே கண்டத்திலிருந்து வந்த உருளைக்கிழங்கு எண்ணப்படவில்லை. நிலக்கடலையில் இன்றும் இருவேறு கருத்துண்டு. 20ஆம் நூற்றாண்டு அமெரிக்க ரபி மோசே பைன்ஸ்டைன், அதை விலக்கும் வழக்கம் இல்லாத இடத்தில் புதிதாக விலக்க வேண்டாம் என்றார். தென்னமெரிக்கச் சிறுமணியான கீனோவாவைப் பற்றியும் நெடுநாள் வாதம் நடந்து, 2013 இறுதியில் அமெரிக்காவின் மிகப் பெரிய கோஷர் (யூத உணவுச் சட்டத்துக்கு உகந்தது என்னும்) சான்று நிறுவனமான ஓ.யு. அதை ஏற்றது. அமெரிக்காவில் பஸ்காக் காலத்தில் மஞ்சள் மூடியிட்டு வரும் கோக்கக்கோலா, மக்காச்சோளப் பாகுக்குப் பதில் சர்க்கரை சேர்த்தது என்பதற்கான அடையாளம். ஒரு வழக்கத்தின் கை எவ்வளவு நீண்டது என்பதற்கு இந்த மூடி ஒன்றே போதும்.

அஷ்கெனாசி வழக்கத்தைப் பின்பற்றும் மரக்கறியாளருக்கு இது எத்தகைய நெருக்கடி என்பதை ஒரு வாரச் சமையலை எண்ணினாலே உணரலாம். ரொட்டி, பாஸ்தா, ரவை என்பவை சட்டத்தாலேயே போயின. சோறு, கொண்டைக்கடலை, மைசூர்ப் பருப்பு, பட்டாணி, டோஃபு, சோயாப்பால், எள்விழுது என்பவை வழக்கத்தால் போகின்றன. எஞ்சுவன காய், கிழங்கு, காளான், பாதாம் முதலிய கொட்டைகள், பால்பொருள், முட்டை. நான் 'சைவம்' என்னாமல் 'மரக்கறி' என்றதற்குக் காரணமும் இந்த முட்டைதான். தமிழ்நாட்டில் சைவம் என்றால் முட்டை விலகிவிடும். மட்சாவைப் பொடித்து உருட்டி நீரில் வேகவைக்கும் உருண்டைக்கோ, துருவிய உருளைக்கிழங்கைச் சுட்டெடுக்கும் கூகலுக்கோ முட்டையே பிணைப்பு. கோழிச் சாற்றுக்குப் பதில் செலரி, கேரட், வெங்காயம் இட்டு நெடுநேரம் கொதித்த காய்ச்சாற்றில் அவ்வுருண்டையை இடுகிறார்கள். அரிந்த ஈரலுக்கு மாற்றாக, பொன்னிறத்துக்கு மேல் இன்னும் ஒரு நிழல் கருக வதக்கிய வெங்காயத்தோடு காளானும் அக்ரூட்டும் அவித்த முட்டையும் அரைத்து மட்சாமேல் தடவுகிறார்கள். வெங்காயத்தை அவசரப்பட்டு இறக்கினால் அந்தப் பண்டத்துக்கு உயிரே இராது.

முட்டையும் பாலும் தவிர்ப்பவர்களின் பாடு இன்னும் கடினம். இந்த வழக்கத்தைத் தளர்த்தியவர்கள் முன்வைத்த காரணங்களில் மரக்கறியாளரின் தேவையும் ஒன்று. கன்சர்வேட்டிவ் யூத இயக்கத்தின் இஸ்ரேலியக் கிளையான மசோர்த்தி இயக்கத்தில் 1989இல் ரபி டேவிட் கோலின்கின் கித்னியோத் உண்ணலாமென்று தீர்ப்பெழுதினார்; அமெரிக்கக் கன்சர்வேட்டிவ் இயக்கத்தின் சட்டக் குழு 2015 டிசம்பரில் இசைவு தந்தது. பழமை பேணும் அஷ்கெனாசி சமூகங்கள் இன்றும் விலக்குகின்றன.

இனித் தமிழ். 'பருப்பு' ஏன் ஒவ்வாது என்பதைப் பாதாம் காட்டிவிட்டது: உள்ளீடு எதுவும் நமக்குப் பருப்பே, முந்திரியும் பாதாமும் பஸ்காவுக்கு ஆகும், துவரை ஆகாது. மேலும் முழுமணிப் பயறு உடைந்து தோல் நீங்கினால்தான் பருப்பாகும். 'பயறு' இதனினும் செம்மையானது. ஏசா தன் மூத்த உரிமையை விற்றதற்குப் பெற்ற உணவைத் தமிழ் விவிலியம் 'பயற்றங்கூழ்' என்றே சொல்கிறது. ஆனால் அரிசியும் எள்ளும் பயறாகா. பயற்றினங்களுக்குப் பொதுவாகப் பண்டைத் தமிழில் 'முதிரை' என்றோர் அழகிய சொல் உண்டு. கடையில் விற்கும் கித்னியோத்துக்கு, அதாவது தாவரவியல் பொருளுக்கு, அது கச்சிதமாகப் பொருந்தும். ஈழத்து வாசகருக்கு மட்டும் முதிரை என்றால் தளபாடம் செய்யும் வைர மரம்தான் முதலில் நினைவுக்கு வரும்.

'தானியம்' என்றால் தடுமாற்றம் மிகும். நம் நவதானியத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: கோதுமை, நெல், துவரை, பயறு, கடலை, மொச்சை, எள், உளுந்து, கொள்ளு. இவற்றுள் கோதுமை ஒன்றே சட்டம் சொல்லும் தானியம். மற்ற எட்டும் கித்னியோத். கோவில் முளைப்பாலிகையில் ஒன்றாக முளைக்கும் ஒன்பதையும் பஸ்கா இவ்வாறு ஒன்றும் எட்டுமாகப் பிரித்துவிடுகிறது. வேர்ப்பொருளை நம்பிச் 'சிறுதானியம்' என்று பெயர்த்தால் அது கம்பு, கேழ்வரகு, சாமை ஆகியவற்றின் பெயராகி நிலைத்துவிட்டதால் பொருள் வேறெங்கோ போய்விடும்.

நெல்லையும் வரகையும் எள்ளையும் கொள்ளையும் அவரையையும் துவரையையும் ஒருங்கே அணைக்கும் சொல் 'கூலம்'. பதினெண் கூலம் என்று நம் முன்னோர் எண்ணிய பட்டியல் நூலுக்கு நூல் சற்றே மாறினாலும், புல்லரிசியும் பயறும் எண்ணெய் வித்தும் ஒரே கூரையின்கீழ் நிற்கும் அமைப்பு மாறுவதில்லை. அதனோடு எபிரேய வேரின் சிறுமையைச் சேர்த்துச் 'சிறுகூலம்' என்றால் பஸ்காப் பொருள் ஏறத்தாழ முழுவதும் அடங்கும். கடுகு அப்பட்டியல்களில் இல்லை என்று ஒருவர் குறை சொல்லலாம். கடுகு பயறும் அன்று என்பதால் அக்குறை எபிரேயச் சொல்லுக்கும் உரியது. புதுச்சொல் என்பதால் முதல்முறை வரும் இடத்தில் மூலச்சொல்லையும் உடன் எழுதிவிடுவது நல்லது.

என் குறிப்பில் அவ்வரி இப்போது இப்படி இருக்கிறது: 'அஷ்கெனாசி வழக்கத்தவர் கித்னியோத் எனப்படும் அரிசி, பயறு, எள் முதலிய சிறுகூலங்களைச் சேர்ப்பதில்லை; பாதாமும் அக்ரூட்டும் சேர்க்கலாம்.'