கார்பன் மோனாக்சைடு: பெயருக்குள் இருக்கும் கரி

ஏற்காட்டில் ஒரு மார்கழி இரவு. சித்தி கணப்புச் சட்டியை வாசலில் வைத்துப் பற்றவைத்தார். புகை முழுதும் அடங்கி, கரி செக்கச்செவேலென்று கனிந்த பிறகுதான் அறைக்குள் கொண்டுவந்தார். கதவைச் சாத்தி, ஜன்னல் இடுக்கில் பழந்துணியையும் திணித்தோம். தணலின் மேல் மெல்லிய நீலச் சுடர் ஆடிக்கொண்டிருந்தது. நள்ளிரவில் தங்கை வாந்தி எடுத்தாள். எனக்கு நெற்றி தெறித்தது. எழுந்தால் கால் துவண்டது. வெளியூரிலிருந்து தாமதமாக வந்த சித்தப்பா கதவை அகலத் திறந்ததால்தான் பிழைத்தோம்.

புகை இல்லையே, பிறகென்ன பயம் என்றுதான் நாங்கள் இருந்தோம். ஆபத்து அந்த நீலச் சுடரில் இருந்தது. காற்று நன்றாகப் படும் இடத்தில் கரி முழுதாக எரிந்து கார்பன் டை ஆக்சைடு ஆகிறது. அது மேலேறும்போது, கனன்று கிடக்கும் கரி அதன் ஆக்சிஜனில் பாதியைப் பிடுங்கிக்கொள்கிறது. அப்போது பிறப்பதுதான் கார்பன் மோனாக்சைடு. அதில் ஒரு பகுதி நீலமாக எரிந்துவிடும். மீதி அறையில் பரவும். நிறம் கிடையாது, மணம் கிடையாது, கண்ணும் எரியாது. எடையில் ஏறக்குறையக் காற்றை ஒத்தது என்பதால் கட்டிலில் படுத்தாலும் தரையில் படுத்தாலும் ஒன்றுதான்.

‘கார்போ’ என்றால் லத்தீனில் கரி. அடுப்பில் போடுகிறோமே, அதே கரி. ‘மோனோஸ்’ கிரேக்கச் சொல். ஒற்றை என்று பொருள். ‘ஆக்சைடு’ 1787இல் பிரெஞ்சு வேதியியலாளர்கள் ஆக்கியது. அதன் வேரான ‘ஆக்சிஸ்’ புளிப்பைக் குறிக்கும். ஆக்சிஜன்தான் அமிலங்களைப் பிறப்பிக்கிறது என்று அவர்களில் ஒருவரான லவாய்சியே நம்பிய காலம் அது.

தமிழில் பலரும் கார்பன் மோனாக்சைடைக் ‘கரியமில வாயு’ என்று எழுதிவிடுகிறார்கள். இது பெரும் பிழை. கரி, அமிலம் என்ற இரு சொற்கள் சேர்ந்த அந்தப் பெயர் கார்பன் டை ஆக்சைடுக்கு மட்டுமே உரியது. தண்ணீரில் கரைந்து அமிலமாவது அதுதான். நாம் மூச்சில் விடுவதும் அதுதான். அது மிகுந்தால் மூச்சு முட்டும், உடல் உடனே எச்சரிக்கும். மோனாக்சைடு அப்படி எச்சரிப்பதில்லை. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், நஞ்சைப் பழகிய பொருளாக எண்ணிவிடுவோம்.

இலங்கைப் பாடநூல்கள் இதில் நம்மைவிடத் தெளிவாக இருக்கின்றன: காபனோரொட்சைட்டு, காபனீரொட்சைட்டு. உயிரெழுத்துக்கு முன் ஒன்று ‘ஓர்’ ஆகும், இரண்டு ‘ஈர்’ ஆகும். ‘ஈருடல் ஓருயிர்’ என்று சொல்லும் வாய்க்கு இதில் சிரமமே இல்லை. என்னைக் கேட்டால் ‘கரி ஓராக்சைடு’ என்பேன். கார்பன் என்று கேட்கும்போது யாருக்கும் கணப்புச் சட்டி நினைவுக்கு வருவதில்லை. கரி என்றால் வரும். குளிர்காய வந்த இடத்தில் பார்பிக்யூ அடுப்பை விடுதி அறைக்குள் தூக்கிவைப்பவர்களுக்கு அந்தச் சொல் உறைக்க வேண்டும். காற்றோட்டமில்லாத குளியலறையின் கேஸ் கீசரும், மின்வெட்டில் சேலத்துக் கடைகளுக்குள் ஓடும் ஜெனரேட்டரும் கக்குவது இதையேதான்.

இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை இது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு பற்றிக்கொள்கிறது. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், அசதி, குழப்பம், பிறகு மயக்கம். காய்ச்சல் இல்லாமல் ஒரே அறையில் இருந்த எல்லோருக்கும் ஒன்றாகத் தலை வலித்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். உறக்கத்தில் இருப்பவருக்கு எந்த அறிகுறியும் தெரியாமலே உயிர் போகலாம். கர்ப்பிணிக்கு லேசாகத் தோன்றினாலும் வயிற்றுப் பிள்ளைக்குப் பெருங்கேடு விளையக்கூடும்.

உடனே வெளிக்காற்றுக்கு வந்து 108ஐ அழையுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை நம்ப வேண்டாம். கரி ஓராக்சைடு ஏறிய இரத்தத்தையும் அது சரியென்றே காட்டும். மருத்துவரிடம் “மூடிய அறையில் கரி எரிந்தது” என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். வெறும் காற்றில் இந்த நஞ்சு பாதியாகக் குறையவே 4 முதல் 5 மணி நேரம் பிடிக்கும். முகமூடி வழியாகத் தூய ஆக்சிஜன் கொடுத்தால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்குள் அது நடந்துவிடும்.