மாவைத் தட்டிக் கேட்பவர்கள்

வட சீனாவில் பழைய முறையில் மான்தோ என்ற ஆவி ரொட்டியைச் செய்பவர்கள், புளித்த மாவில் சோடா கலந்து பிசைந்ததும் கத்தியால் ஒரு வெட்டு வெட்டி, உள்பக்கத்தை உற்றுப் பார்ப்பார்கள். எள் அளவில் சீராகத் துளைகள் தெரிந்தால் சரி. துளைகள் பெரிதாகி, புளிப்பு வாடையும் அடித்தால் சோடா போதவில்லை. மாவு மஞ்சளித்திருந்தால் கூடிவிட்டது. சிலர் மாவைக் கையால் தட்டி, எழும் சத்தத்தை வைத்தே பதம் சொல்லிவிடுவார்கள்.

மான்தோ என்பது உள்ளே பூரணம் இல்லாத வெள்ளை ஆவி ரொட்டி. கோதுமை விளையும் வடக்கில் அன்றாடச் சாப்பாடே இதுதான். கி.பி. 225இல் சீன அமைச்சர் ஜூகே லியாங் ஆற்றுக்கு மனிதத் தலைகளுக்குப் பதிலாக மாவுத் தலைகளைப் படைத்தார், அதிலிருந்து வந்தது என்று ஒரு கதை உண்டு. கதையாகவே கேட்டுக்கொள்ளலாம்.

இதற்கு உறை 'லாவ்மியென்', அதாவது பழைய மாவு. நாம் தயிருக்கு உறை ஊற்றுவதைப் போல, போன தடவை எடுத்துவைத்த ஒரு கைப்பிடி மாவைப் புது மாவில் கலந்து பிசைவார்கள். அதில் ஈஸ்ட்டும் லாக்டிக் அமில பாக்டீரியாவும் சேர்ந்தே குடியிருக்கும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று கார்பன் டை ஆக்சைடை விடுகிறது. கோதுமையின் குளூட்டன் என்ற புரத வலை அந்த வாயுவைப் பிடித்துவைக்க, மாவு உப்புகிறது. பாக்டீரியா அமிலத்தைச் சுரந்து மணம் தருகிறது, கூடவே புளிப்பையும் ஏற்றிவிடுகிறது. மான்தோவில் அந்தப் புளிப்பு இருக்கக் கூடாது.

அதற்குத்தான் சோடா. இது ஆப்ப சோடா இல்லை, அதைவிட வலுவான சோடியம் கார்பனேட். அமிலத்தை முறிக்கும்போது இன்னும் கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடு கிளம்பும், குளூட்டனும் இறுகும். ஆனால் எவ்வளவு போடுவது? வெயில் காலத்தில் மாவு சீக்கிரம் புளிக்கும், குளிரில் மெல்லப் புளிக்கும். அன்றைய புளிப்புக்குத் தக்கபடிதான் சோடாவும். எழுதிவைத்த அளவு இங்கே உதவாது. இந்தக் கைவேலையில் என்னை மிகவும் கவர்வது இந்த இடம்தான். மஞ்சள் நிறத்தையே பாருங்கள்: கோதுமை மாவிலுள்ள ஃபிளேவனாய்டு என்ற நிறமிகள் சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாது, காரத்தன்மை கூடினால் மஞ்சளாகிவிடும். லிட்மஸ் தாள் மாவுக்குள்ளேயே இருக்கிறது!

தண்ணீர் குறைவுதான். 100 கிராம் மாவுக்கு ஏறக்குறைய 50 கிராம். கெட்டியாகப் பிசைந்தால்தான் உருண்டை தட்டையாகாமல் நிற்கும். ஷான்சியிலும் ஷான்டோங்கின் கிழக்குக் கரையிலும் பண்டிகைக்கும் கல்யாணத்துக்கும் இதே மாவில் பூ, மீன், புலி என்று செய்கிறார்கள். கத்தரிக்கோலால் நறுக்கி இதழ் எடுப்பார்கள், சீப்பை அழுத்திச் செதில் வரைவார்கள். மாவு இளகியிருந்தால் அந்தக் கோடெல்லாம் வேகும்போதே மறைந்துவிடும்.

அப்புறம் ஆவி. நீராவி மாவின் மேல் பட்டுத் தண்ணீராக மாறும்போது ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 2,260 கிலோஜூல் வெப்பத்தை இறக்கிவைக்கிறது. வேகம் அதனால்தான். ஆனால் வெப்பநிலை 100 டிகிரியைத் தாண்டாது, மேல்தோலும் காயாது. எனவே அடுப்பில் சுட்ட ரொட்டியைப் போலச் சிவக்காமல் வெள்ளையாகவே இருக்கிறது. மூங்கில் மூடி ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். உலோக மூடியிலிருந்து சொட்டும் நீர் தோலில் கறையாக நின்றுவிடும்.

அடுப்பை அணைத்தவுடன் மூடியைத் திறக்கக் கூடாது. உள்ளிருக்கும் ஆவி சட்டென்று குளிர்ந்தால் இளம் சூட்டில் இன்னும் உறுதிப்படாத சுவர்கள் உள்ளே இழுபட்டு, மான்தோ சுருங்கிப்போகும். மூன்று நாலு நிமிடம் பொறுத்து, மூடியை முதலில் ஒரு விரற்கடை மட்டும் தூக்குவார்கள்.