அரசாங்க வேலையில் இருப்பவருக்குக் கடன் முற்றினால் என்ன ஆகும்?

பொகவந்தலாவைப் பக்கம் தோட்டப் பாடசாலையொன்றில் படிப்பிக்கும் தங்கச்சி ஒருத்தி தன் சம்பளச் சீட்டைக் கொண்டுவந்து காட்டினாள். கழிவுப் பக்கம்தான் நீளமாக இருந்தது. வங்கிக் கடன், அரசாங்கம் தன் ஊழியருக்குக் கொடுக்கும் இடர் கடன், நலன்புரிச் சங்கம் எல்லாம் போக மிஞ்சுவது பஸ் காசுக்கும் கடைப் பற்றுக்கும் காணாது. "அண்ணே, கடன் இருந்தா வேலை போயிருமா?" என்று கேட்டாள்.

கடன் வாங்கியதற்காக யாருக்கும் வேலை போவதில்லை. ஆனால் கடன் கழுத்தை நெரிக்கிற அளவுக்கு வந்துவிட்டால், அது வீட்டு விஷயமாக மட்டும் இருக்காது. இலங்கை அரச ஊழியரின் நடத்தையைப் பற்றிச் சொல்லும் தாபன விதிக்கோவையின் 2ஆம் தொகுதி, 47ஆம் அத்தியாயம் பாரதூரமான பண நெருக்கடியையும் பேசுகிறது. அப்படிச் சிக்கியவர் வேலையை ஒழுங்காகச் செய்ய முடியாது என்பது அதன் நிலைப்பாடு. ஒழுக்காற்று நடவடிக்கைக்கும் இடமுண்டு. காசுக்குத் தவிக்கிறவரை விலைக்கு வாங்குவது சுலபம் என்ற பயம்தான் இதற்குக் காரணம். பணமும் இரகசியக் கோப்புகளும் புழங்கும் இடங்களில் அந்தப் பயம் இன்னும் அதிகம்.

பதவிநிலை அலுவலர்களுக்கு, அதாவது மேல்தர அதிகாரிகளுக்கு, இன்னொன்றும் இருக்கிறது. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டப்படி, மார்ச் 31இல் உள்ள நிலவரத்தை வைத்து ஒவ்வொரு வருடமும் ஜூன் 30க்குள் சொத்து, பொறுப்பு விபரம் கொடுக்க வேண்டும். பொறுப்பு என்றால் கடன். காணியையும் வாகனத்தையும் எழுதிவிட்டுக் கடனை விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கடன் இருப்பதை எழுதினால் குற்றமில்லை, தெரிந்தே மறைத்தால்தான் குற்றம்.

நம் பிள்ளைகள் ஏன் இப்படி மாட்டுகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். மலையகத்தில் ஆசிரிய உதவியாளர்களாகப் போனவர்கள் பலர் மாதம் 6,000 ரூபாய் கொடுப்பனவில்தான் தொடங்கினார்கள். வீட்டில் முதல் மாதச் சம்பளக்காரரும் அவர்களே. லயத்துக் கூரை, தம்பியின் படிப்பு, அக்காவின் கல்யாணம் எல்லாம் அந்த ஒரு கையெழுத்தை நம்பித்தான் நடந்தது. அதைப் பொறுப்பின்மை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

கடன் இறுகுகிறது என்று தெரிந்ததும் வங்கிக்குப் போய்த் தவணையை மாற்றித் தரக் கேட்டு எழுத்தில் கொடுங்கள், பிரதியில் திகதி முத்திரை வாங்கி வையுங்கள். நாளை வலயக் கல்விப் பணிமனையில் கேள்வி வந்தால் அந்தக் கடுதாசிதான் உங்களுக்காகப் பேசும். வெளியே வட்டிக்கு எடுப்பதற்கு முன்னால் இடர் கடன் கிடைக்குமா என்று பாருங்கள், அதன் வட்டி வருடத்துக்கு 4.2 வீதம்தான். உங்களுக்குக் கீழே வேலை செய்கிறவரிடம் மட்டும் கைமாற்றுக் கேட்காதீர்கள்.

எல்லாரும் பயப்படும் 'கிரிப்', 1990ஆம் ஆண்டுச் சட்டத்தில் உருவான கொடுகடன் தகவல் பணியகம். அது யாரையும் கறுப்புப் பட்டியலில் போடுவதில்லை. வங்கிகளும் லீசிங் கம்பனிகளும் கொடுக்கிற கணக்கைப் பதிந்து வைக்கிறது, அவ்வளவுதான். கட்டணம் கட்டி உங்கள் அறிக்கையை நீங்களே எடுக்கலாம். பிழை இருந்தால் கணக்குக் கொடுத்த நிறுவனத்திடம் திருத்தக் கேட்கலாம். பிணைக்குப் போட்ட கையெழுத்தும் அதில் வரும்.

தங்கச்சியும் எடுத்துப் பார்த்தாள். அவளுடைய கடன்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. கூடப் படிப்பித்த ஒருவரின் பைக் லீசிங்குக்கு அவள் பிணை நின்றிருக்கிறாள், அதுதான் மூன்று தவணை பிந்திக் கிடந்தது.