பிரிந்த உறவைத் தேடத் தொடங்குமுன்

போர், இடப்பெயர்வு, தத்துக் கொடுத்தல், பெற்றோரின் மணமுறிவு எனப் பல காரணங்களால் பிரிந்துபோன உறவினரைத் தேடிக்கொடுக்கும் பணியில் நீண்ட காலமாக இருக்கிறேன். எங்களிடம் வருபவர்களில் பலர், கடைசியில் செய்ய வேண்டியதை முதலிலேயே செய்துவிட்டு வருகிறார்கள். பழைய புகைப்படம், முழுப்பெயர், பிறந்த இடம், தங்கள் கைப்பேசி எண் எல்லாவற்றையும் சமூக ஊடகத்தில் பதிவிட்டுவிட்டு, பதில் வராத நிலையில் அல்லது தவறான ஆட்களிடமிருந்து பதில் வந்த நிலையில் எங்களைத் தேடி வருகிறார்கள். முப்பது நாற்பது ஆண்டுகளாக மனத்துக்குள் வைத்திருந்த ஏக்கம் அது. அவர்களைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வருவதில்லை. ஆனாலும் அவசரத்தால் கெட்டுப்போன தேடல்களைப் பார்த்திருப்பதால் இதை எழுதுகிறேன்.

தேடல் வீட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஆறு வயதில் அண்ணனைப் பிரிந்த, எழுபது வயதைக் கடந்த ஓர் அம்மையார் தம் மகளுடன் வந்திருந்தார். (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் மகளே பதில் சொன்னார். "அம்மாவுக்கு எதுவும் நினைவில்லை, பெயர்கூடச் செல்லப்பெயர்தான் தெரியும்" என்றார். மகளைச் சற்று நேரம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, "அந்த வீட்டில் காலையில் என்ன சத்தம் கேட்கும் அம்மா?" என்று மட்டும் கேட்டேன். நெடுநேரம் பேசாமல் இருந்தவர், சங்கு ஊதும் என்றார். அது ஊதும்போதெல்லாம் பயந்து அழுவாராம், அண்ணன் பின்னால் வந்து இவருடைய இரண்டு காதையும் பொத்துவாராம். அப்பா வீட்டுக்கு வரும்போது சட்டையெல்லாம் மரத்தூளாக இருக்கும் என்பதும் அதைத் தொடர்ந்து வந்தது. பெயரை மட்டும் கேட்டிருந்தால் அன்றே கோப்பை மூடியிருப்போம். சங்கும் மரத்தூளும் சேர்ந்து, மரம் அறுக்கும் ஆலை ஒன்றின் பழைய சம்பளப் பதிவேட்டுக்கு எங்களை அழைத்துச் சென்றன.

முதியவர்களிடம் பேசும்போது பதிலை உள்ளடக்கிய கேள்வியைக் கேட்காதீர்கள். "ஆற்றங்கரை வீடுதானே?" என்று கேட்டால், ஆமாம் என்றுதான் சொல்வார்கள், பிறகு அந்த ஆறு அவர்களுடைய நினைவாகவே மாறிவிடும். அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே, தேதியிட்டு எழுதிவையுங்கள். ஒன்றுக்கொன்று முரணாக இருந்தாலும் திருத்த வேண்டாம். புகைப்படங்களின் பின்பக்கத்தையும் பாருங்கள். பாதி அழிந்த ஸ்டுடியோ முத்திரை ஓர் ஊரையே காட்டிக்கொடுக்கும்.

பெயரை நம்பித் தேடுவது எவ்வளவு இடறலானது என்பதை இத்துறையின் ஆவணங்களே காட்டுகின்றன. முதல் உலகப் போரின்போது ஜெனீவாவில் செஞ்சிலுவைச் சங்கம் 1914இல் தொடங்கிய போர்க்கைதிகள் முகமையில் சுமார் 70 லட்சம் குறிப்பட்டைகள் சேர்ந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனியின் பாட் அரோல்சன் நகரில் உருவான தேடல் காப்பகத்தில் 1 கோடியே 75 லட்சம் பேரைப் பற்றிய தகவல்கள் இருக்கின்றன. அங்குள்ள பெயரட்டைகளை எழுத்து வரிசையில் மட்டுமன்றி, ஒலிப்பின்படியும் அடுக்கினார்கள். ஒரே பெயரை ஒவ்வோர் எழுத்தரும் தம் காதில் விழுந்தபடி ஒவ்வொரு விதமாக எழுதியிருந்ததுதான் காரணம். வயதும் அப்படித்தான். பிறந்த நாள் தெரியாத அகதிகளுக்கு ஜனவரி 1 என்று பதிந்துவிடும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. அம்மையாரின் அண்ணனும் குழந்தைகள் இல்லப் பதிவேட்டில் மூன்று வயது குறைத்தே எழுதப்பட்டிருந்தார். தந்தையின் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தது.

போரிலோ பேரிடரிலோ இடப்பெயர்விலோ பிரிந்தவர்கள் தங்கள் நாட்டிலுள்ள செஞ்சிலுவை அல்லது செம்பிறைச் சங்கத்தை முதலில் அணுகலாம். குடும்பத் தொடர்பை மீட்டுத் தரும் சேவையை அவர்கள் கட்டணமின்றிச் செய்கிறார்கள். இது யாரும் போடும் பிச்சையன்று. போரால் சிதறிய குடும்பத்தினரின் விசாரணைகளுக்கு வழிசெய்ய வேண்டும் என்று போர்க்காலத்தில் பொதுமக்களைக் காப்பதற்கான 1949ஆம் ஆண்டின் நான்காம் ஜெனீவா உடன்படிக்கை சொல்கிறது. உறவினரின் கதியை அறியும் குடும்பங்களின் உரிமையை ஜெனீவா உடன்படிக்கைகளுடன் 1977இல் சேர்க்கப்பட்ட முதல் கூடுதல் நெறிமுறை ஏற்றிருக்கிறது. தத்து வழியாகப் பிரிந்தவர்களுக்கு வழி வேறு: தத்து ஆவணங்களைப் பார்க்கும் உரிமை நாட்டுக்கு நாடு மாறுவதால், அந்தந்த நாட்டுச் சட்டத்தைத் தெரிந்துகொண்டு எழுத்து மூலம் விண்ணப்பிக்க வேண்டும்.

சமூக ஊடகமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பதிவிடுமுன், உங்களுக்கும் அவருக்கும் மட்டுமே தெரிந்திருக்கக்கூடிய ஒரு செய்தியையாவது வெளியிடாமல் கையில் வைத்துக்கொள்ளுங்கள். "உங்கள் தங்கை என்னிடம்தான் இருக்கிறார், பயணச் செலவுக்குப் பணம் அனுப்புங்கள்" என்று வரும் அழைப்பை அதைக் கொண்டுதான் சோதிக்க முடியும். ஏக்கத்தில் இருப்பவரை ஏமாற்றுவது எளிது என்று தெரிந்தே இதைத் தொழிலாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். குழந்தைகளின் படம், பெயர், இருப்பிடம் மூன்றையும் சேர்த்து ஒருபோதும் பொதுவெளியில் வைக்காதீர்கள். ஐரோப்பாவுக்கு வரும் வழியில் உறவுகளைத் தொலைத்தவர்களுக்காகச் செஞ்சிலுவை 2013இல் தொடங்கிய இணையதளத்தில், தேடுபவரின் படமும் அவர் யாரைத் தேடுகிறார் என்பதும் இருக்கும், பெயர் இருக்காது.

மரபணுப் பரிசோதனை இப்போது பலருக்கு முதல் நம்பிக்கையாகிவிட்டது. உடன்பிறந்தவர்கள் ஏறத்தாழ 50 விழுக்காடு மரபணுவைப் பகிர்கிறார்கள். பெற்றோரின் உடன்பிறந்தாருடைய பிள்ளைகள் 12.5 விழுக்காடு. பெற்றோரில் ஒருவர் மட்டும் பொதுவாக உள்ள உடன்பிறப்பும், பெரியப்பாவும், அத்தையும், தாத்தாவும் ஒரே 25 விழுக்காட்டில் வந்து நிற்பார்கள் என்பதால், எண்ணை மட்டும் பார்த்து உறவை முடிவு செய்ய முடியாது. குடும்பத்தில் யாரும் சொல்லாத உண்மைகளும் அதில் வெளிப்படக்கூடும். குடும்பத்தில் மூத்தவர்களுடன் பேசிய பிறகே மாதிரியைக் கொடுக்கச் சொல்கிறேன்.

கண்டுபிடித்த பிறகு வரும் அவசரம்தான் எல்லாவற்றிலும் கொடியது. முகவரி கிடைத்ததும் நேரே போய்க் கதவைத் தட்டியவர்களை எனக்குத் தெரியும். அந்த வீட்டில் இருப்பவர் தம் மனைவியிடமோ பிள்ளைகளிடமோ பழைய வாழ்க்கையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாதிருந்திருக்கலாம். தம்மைக் கைவிட்டார்கள் என்றே வாழ்நாள் முழுதும் நம்பியிருக்கலாம். அதனால்தான், கண்டறியப்பட்டவரின் சம்மதம் இல்லாமல் அவருடைய முகவரியைத் தேடுபவரிடம் நாங்கள் கொடுப்பதில்லை. இதற்காக என்னிடம் கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. இருந்தும் அந்த விதியை நான் தளர்த்தியதில்லை.

முதல் கடிதம் அரைப் பக்கத்தைத் தாண்ட வேண்டாம். நீங்கள் யார், ஏன் எழுதுகிறீர்கள், பதில் எழுத விருப்பமில்லையென்றாலும் தவறில்லை என்ற மூன்றும் இருந்தால் போதும். "ஏன் தேடவில்லை?" என்ற கேள்வி அதில் வரவே கூடாது. அம்மையார் முதலில் எழுதியது ஒன்பது பக்கம். இருவரும் உட்கார்ந்து அதை ஏழு வரிகளாகக் குறைத்தோம். காதைப் பொத்திய செய்தியை வேண்டுமென்றே விட்டுவிட்டோம். அவருக்கு அதில் சம்மதமே இல்லை.

அண்ணனின் பதில் பதினோராம் வாரம் வந்தது. தமக்குச் சற்றுக் காலம் வேண்டும் என்றும், தொலைபேசியில் பேச இப்போது முடியாது என்றும் எழுதியிருந்தார். அதன் கீழே, சங்குச் சத்தத்துக்குத் தங்கை இன்னும் பயப்படுகிறாளா, காதைப் பொத்த யாராவது இருக்கிறார்களா என்று கேட்டிருந்தார். அம்மையார் தொலைபேசி எண்ணைக் கேட்கவில்லை. எழுதத் தாள் வேண்டும் என்றார்.