சரேயில் வருவது ஒற்றையாட்சி அல்ல

"சரேயில் 2027 ஏப்ரல் முதல் ஒற்றையாட்சி" என்று வானொலி வாசித்தது. சரே, இங்கிலாந்தில் லண்டனை ஒட்டிய வட்டாரம். பக்கத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த பெரியவர் கோப்பையைக் கீழே வைத்தார். "இதென்ன தம்பி, இலங்கையில ஒற்றையாட்சி வேண்டாமெண்டுதானே இவ்வளவு காலமும் கத்தினனாங்கள், இஞ்சையும் கொண்டு வந்திட்டாங்களோ?" பகிடிக்குத்தான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. யூனிட்டரி கவுன்சிலை 'ஒற்றையாட்சி மன்றம்' என்று சொல்லக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

நடப்பது இதுதான். இங்கிலாந்தின் பல பகுதிகளில், இன்றைய வடிவில் 1974 ஏப்ரல் முதல், ஒரே ஊரை இரண்டு கவுன்சில்கள் பங்குபோட்டு நடத்துகின்றன. வாசலில் வைத்த குப்பையை எடுப்பது டிஸ்ட்ரிக்ட் கவுன்சில், எடுத்ததை ஒழிப்பது கவுண்டி கவுன்சில். வீட்டை நீட்டிக் கட்ட அனுமதி கொடுப்பது டிஸ்ட்ரிக்ட், வீட்டுக்கு முன்னால் உள்ள தெருக் குழியை மூடுவது கவுண்டி. கவுன்சில் வரிக்கு பில் அனுப்புவது டிஸ்ட்ரிக்ட், அதில் பெரும்பங்கு போய்ச் சேர்வது கவுண்டிக்கு. சரேயில் ஒரு கவுண்டியும் அதன் கீழ் 11 டிஸ்ட்ரிக்ட்களும் உண்டு. இந்தப் பன்னிரண்டையும் கலைத்து, கிழக்கு சரே, மேற்கு சரே என்று இரண்டு கவுன்சில்கள் ஆக்கப்போகிறார்கள். அவரவர் பகுதியில் எல்லா வேலையும் அந்தந்தக் கவுன்சிலின் தலையில். அதுதான் யூனிட்டரி.

சொல்லின் வேர் 'ஒன்று' என்று பொருள்படும் லத்தீன் 'ஊனுஸ்'. 'யூனிட்' என்ற சொல்லை ஆங்கிலக் கணித அறிஞர் ஜான் டீ 1570இல் கணக்குக்காக உண்டாக்கினார். உள்ளாட்சியில் அதன் பிள்ளையான 'யூனிட்டரி'யை ஊரறியச் செய்தது 1969இல் வந்த ரெட்கிளிஃப்-மாட் ஆணைக்குழு அறிக்கை. 58 யூனிட்டரி மன்றங்கள் வேண்டும் என்றது. அடுத்து வந்த அரசு அறிக்கையை மூலையில் போட்டது, சொல் மட்டும் தங்கிவிட்டது. 1995இல் வைட் தீவு, 1996இல் வேல்ஸ் முழுவதும் 22, ஸ்காட்லாந்து முழுவதும் 32, பிறகு 2009இல் கார்ன்வால், 2023இல் சாமர்செட் என்று வரிசை நீள்கிறது.

இனி வழக்குக்கு வருவோம். ஒரு சொல்லின் பொருளில் ஐயம் வந்தால் அதன் எதிர்ச்சொல்லைக் கேட்டுப் பார்க்கலாம். ஒற்றையாட்சிக்கு எதிர்ச்சொல் என்ன? சமஷ்டி. தமிழ்நாட்டில் கூட்டாட்சி என்பார்கள். யூனிட்டரி கவுன்சிலுக்கு எதிர் சமஷ்டிக் கவுன்சிலா? இல்லையே, இரண்டடுக்குக் கவுன்சில்தான். ஆங்கிலத்தில் ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது. பின்னால் 'அரசு' என்று வந்தால் ஒன்று, 'மன்றம்' என்று வந்தால் வேறொன்று. அவர்களுக்கு அது பழகிப்போன குழப்பம். அதை நாம் ஏன் காசு கொடுத்து வாங்க வேண்டும்?

அதுவும் எந்தச் சொல்லை எடுத்திருக்கிறார்கள் பாருங்கள். 1972 அரசியலமைப்பிலும் 1978 அரசியலமைப்பிலும் இலங்கையை இறுக்கிக் கட்டிய சொல். புதிய அரசியலமைப்புக்கான 2017 இடைக்கால அறிக்கையில் 'ஒருமித்த நாடு' என்று எழுதப்பட்டதும், அது ஒற்றையாட்சிதானா இல்லையா என்று நம்மவர்கள் மாதக்கணக்கில் மல்லுக்கட்டிய சொல். குப்பைத்தொட்டிக் கணக்குப் பார்க்கும் கவுன்சிலுக்கு அதைச் சூட்டுவது என்ன நியாயம்?

இதைக் கண்டு விலகிய சிலர் 'ஒருங்கிணைந்த மன்றம்' என்று எழுதுகிறார்கள். காதுக்கு இனிமைதான். ஆனால் இங்கிலாந்தில் 'கம்பைண்ட் அதாரிட்டி' என்று இன்னொன்று இருக்கிறது. மான்செஸ்டர் வட்டாரத்தில் 2011இலேயே அமைந்தது. பல கவுன்சில்கள் தத்தம் உருவம் கலையாமல் சேர்ந்து மேலே அமைக்கும் அமைப்பு அது. ஒருங்கிணைந்தது என்றால் அதுதான். யூனிட்டரிக்கு அந்தப் பெயரைக் கொடுத்துவிட்டால் அதற்கு எதைக் கொடுப்பது? 'மேலும் ஒருங்கிணைந்த' என்றா?

என் சொல் ஓரடுக்கு மன்றம். தமிழ்நாட்டில் கிராம ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், மாவட்ட ஊராட்சி மூன்றையும் சேர்த்து மூன்றடுக்கு என்று சொல்லி மக்கள் பழகிவிட்டார்கள். அந்தக் கணக்கில் ஈரடுக்கும் ஓரடுக்கும் தாமாகவே விளங்கும். (ஓர் அடுக்கு ஓரடுக்குதான். 'ஒரடுக்கு' என்று தட்டச்சு செய்கிறவர்கள் தயவுசெய்து ஒரு சுழி சேர்த்துக்கொள்ளுங்கள்.)

நண்பர் ஒருவர் செவ்வரத்தைப் பூவை (செம்பருத்தியை) வைத்து இதை மடக்கினார். "அடுக்குச் செவ்வரத்தை, ஒற்றைச் செவ்வரத்தை என்றுதானே சொல்கிறோம், ஓரடுக்குச் செவ்வரத்தை என்று யார் சொன்னது? ஒன்று எப்படி அடுக்காகும்?" நல்ல கேள்வி. அதற்காக 'ஒற்றை மன்றம்' என்று வைத்தால், நாட்டிலேயே ஒரே ஒரு மன்றம் இருப்பதுபோல் ஒலிக்கிறது. பூவில் செல்லும் இலக்கணம் நிர்வாகத்தில் செல்லாது என்று சொல்லிச் சமாளித்தேன். முழுக்கத் தோற்கவில்லை என்றே நினைக்கிறேன். கீழே ஊர்மட்டத்தில் பாரிஷ் கவுன்சில் இருக்கிறதே என்றும் கேட்டார். இருக்கிறது, கார்ன்வாலில் நிறையவே இருக்கிறது. ஆனால் இரண்டடுக்கு என்னும்போதே இங்கிலாந்துக்காரர் அதை எண்ணுவதில்லை. நாம் மட்டும் ஏன் எண்ண வேண்டும்?

வேடிக்கை என்னவென்றால், யாழ்ப்பாணத்துக்காரருக்கு இது புதிதே அல்ல. ஒரு வீடு மாநகர சபைக்குள் இருக்கும், அல்லது நகர சபைக்குள், அல்லது பிரதேச சபைக்குள். சோலைவரி (வீட்டு வரி) கட்டப் போகுமிடம் ஒன்றே. ஓரடுக்கிலேயே பிறந்து வளர்ந்தவரிடம் அதற்கு ஒற்றையாட்சி என்று பெயர் சொல்லிப் பயமுறுத்துகிறோம்.

அதே செய்தியில் இன்னொரு கூத்தும் நடந்தது. கவுண்டியும் 'மாவட்டம்', டிஸ்ட்ரிக்டும் 'மாவட்டம்'. "மாவட்ட சபையும் மாவட்ட சபைகளும் கலைக்கப்பட்டு" என்று அறிவிப்பாளர் மூச்சுவிடாமல் வாசித்தார். கவுண்டியைக் கவுண்டி என்றே விட்டுவிடுங்கள், டிஸ்ட்ரிக்ட் கவுன்சிலைப் பிரதேச சபை என்னுங்கள். இதைப் பெரியவரிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "அப்ப தம்பி, குப்பை வாளி எந்தக் கிழமை வைக்கிறது?"